மோட்டார் வண்டிக் கையேடுகளின் மூலமும் மறுபதிப்பும்

ஏட்டுச் சுவடிகளையும் அச்சு நூல்களையும் ஒப்புநோக்கிப் பாடம் தெளியும் முறை, செய்யுள் நூல்களுக்கென்றே வகுக்கப்பட்டதுபோல நம்மிடையே வழங்கி வருகின்றது. அம்முறை எழுத்தில் அமைந்த எந்நூலுக்கும் பொருந்துவதே. இலக்கியம் என்று எவரும் எண்ணாத ஒரு நூல்வகையை எடுத்துக்கொண்டு அதனை ஈண்டுக் காட்ட முயல்வோம். அந்நூல்வகை, மோட்டார் வண்டி வாங்குவோர்க்கு வண்டியோடு சேர்த்துக் கொடுக்கப்படும் சிறு கையேடு ஆகும்.

கையேடு விலைக்கு விற்கப்பெற்ற நூலன்று. ஆசிரியர் பெயர் அதில் இராது. வண்டியின் இருக்கைக்கு அடியிலோ கதவின் பையிலோ கிடந்து, எண்ணெய்க் கறை படிந்து, வண்டி கைமாறும்போது உடன் மாறி, வண்டி பழுதாகி ஒதுக்கப்படும்போது தானும் ஒதுக்கப்படுவது அது. ஆயின் இன்று ஐம்பது, நூறு ஆண்டு பழைமை உடைய வண்டிகளைப் போற்றிக் காப்போர் உலகெங்கும் பெருகியுள்ளமையால், அவற்றின் கையேடுகளும் தேடப்படுகின்றன. மூலப் படிகள் அருகியமையின் மறுபதிப்புகள் பல வெளிவந்துள்ளன, வந்துகொண்டும் இருக்கின்றன. மூலப் படி உயர்ந்தது, மறுபதிப்புத் தாழ்ந்தது என்பது சேகரிப்போரின் கொள்கை. 'எழுத்து ஒன்றாயின் எதுவாயினும் போதும்' என்பது வண்டியைப் பழுது பார்ப்போரின் கொள்கை. இவ்விரண்டும் குறையுடையன என்பதே இக்கட்டுரையின் கருத்து. காகிதத்தின் வயது எதுவாயினும், அஃது எந்தப் பதிப்பின் பாடத்தைத் தருகின்றது, அதனை ஒளியாது கூறுகின்றதா என்பவையே முதலில் கேட்கத்தக்க வினாக்கள்.

சான்றாக எடுத்துக்கொள்வதற்கு அமெரிக்க நாட்டு ஃபோர்டு நிறுவனத்தின் 'டி' வகை வண்டியினும் சிறந்தது வேறொன்று இல்லை. 1908ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் விற்பனைக்கு வந்த அவ்வண்டி 1927ஆம் ஆண்டு மே மாதம் வரை செய்யப்பட்டது. செய்யப்பட்ட வண்டிகளின் தொகை ஒன்றரைக் கோடியைக் கடந்தது. தொடக்கத்தில் 850 டாலராக இருந்த விலை, பிற்காலத்தில் இருவர் அமரும் எளிய வகைக்கு 260 டாலராகக் குறைந்தது. அதனால் அதனை வாங்கியோர் செல்வரும் அல்லர். பொறியியல் அறிந்தாரும் அல்லர். குதிரையை மட்டுமே அறிந்திருந்த உழவர், கடைக்காரர், ஊர் மருத்துவர் முதலியோர் கைக்கு அவ்வண்டி சென்றது. செல்வர் வீட்டு வண்டிக்குச் சம்பளம் பெறும் ஓட்டுநர் இருந்தார். அவர் அறிந்திருந்தால் போதும். டி வகை வண்டிக்கோ உடையவரே ஓட்டுநர். எனவே வண்டியோடு ஆசிரியர் ஒருவரையும் அனுப்ப வேண்டிய நிலை நிறுவனத்திற்கு ஏற்பட்டது. அவ்வாசிரியரே கையேடு என்க.

இன்று கார் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் அவ்வண்டியில் ஏறி அமர்ந்தால், தாம் கற்றவை யாவும் பயனற்றுப் போவதைக் காண்பார். தரையில் மூன்று மிதிகள் உண்டு. இடப்புற மிதியை முழுதும் அழுத்தினால் வண்டி மெல்லிய வேகத்தில் நகரும். பாதி அழுத்தினால் இயந்திரத் தொடர்பு அறும். கைநெம்புகோலை முன்னே தள்ளி அம்மிதியை விட்டுவிட்டால் விரைந்து ஓடும். நடு மிதி பின்னோக்கிச் செலுத்துவது. வலப்புற மிதி தடை. பெட்ரோல் அளவைக் கூட்டவும் குறைக்கவும் கால் பயன்படாது. ஓட்டுவளையத்தின் கீழ் வலப்பக்கம் உள்ள சிறு நெம்புகோலே அதற்குரியது. இடப்பக்கத்து நெம்புகோல் தீப்பொறி எழும் நேரத்தை முற்படுத்தவும் பிற்படுத்தவும் உதவுவது. வேகம் கூட்ட எண்ணி வலக்காலை அழுத்துபவர் வண்டியை நிறுத்திவிடுவார். தடை என எண்ணி நடு மிதியை அழுத்துபவர் பின்னோக்கிச் செல்வார். இவற்றையெல்லாம் வண்டியைப் பார்த்து ஊகித்தறிதல் அரிது. ஆதலின் கையேடு இன்றி அவ்வண்டி ஊமையாகும்.

தொடக்க ஆண்டுகளில் இக்கையேடு, கற்பிக்கும் நூல் என்னும் பெயரோடு, தொடர்ந்த உரைநடையில் அமைந்திருந்தது. பின்னர் வந்த பதிப்புகளில் வினா விடை வடிவம் இடம்பெற்றது. 1919ஆம் ஆண்டுப் பதிப்பு இவ்வடிவிற்கு நல்ல எடுத்துக்காட்டு. 'வண்டியை இயக்குமுன் செய்யத்தக்கது யாது?' என்னும் பொருள்பட முதல் வினா எழுகின்றது. விடைகள் வரிசை எண் பெற்றுள்ளன. எண்ணிக்கை நூற்றைக் கடந்து செல்கின்றது. வண்டியை ஓட்டும் முறையில் தொடங்கி, இயந்திரம், குளிர்விக்கும் அமைப்பு, பெட்ரோல் செல்லும் வழி, தீப்பொறி அமைப்பு, வேக மாற்று அமைப்பு, பின் அச்சு, எண்ணெயிடும் முறை, சக்கர உறைகள் எனப் படிப்படியாகச் செல்லும் முறைவைப்பு உடையது அந்நூல்.

வினா விடை வடிவம் நமக்குப் புதிதன்று. 1579இல் கொச்சியில் அச்சேறிய கிரிசித்தியானி வணக்கமும், பின்னாளில் ஆறுமுக நாவலர் இயற்றிய சைவ வினாவிடையும் அவ்வடிவின. சமயம் கற்பிக்க எழுந்த வடிவத்தைப் பொறி கற்பிக்க ஒரு நிறுவனம் மேற்கொண்டதன் காரணம் உய்த்துணரத்தக்கது. கற்பவன் எதைக் கேட்க வேண்டும் என்பதையே அறியாதவனாக இருக்குமிடத்து, விடையோடு வினாவையும் ஆசிரியனே அமைத்துத் தர வேண்டியுள்ளது. கையேட்டின் முன்னுரையும் இதனை உணர்ந்தே எழுதப்பட்டுள்ளது. ஃபோர்டு வண்டிகளை ஓட்டுவோர் பெரும்பாலும் பொறிப் பயிற்சி இல்லாத உடைமையாளரே என்பதனை அது வெளிப்படையாகக் கூறுகின்றது; பொருளை அறியுந்தோறும் அதனால் பெறும் இன்பம் மிகும் என்றும் ஊக்குகின்றது. ஆயினும் வண்டியின் உறுப்புகளை மாற்ற நேரும்போது நிறுவனத்தின் உறுப்புகளையே பெறுக என்று அறிவுறுத்தவும் அது மறக்கவில்லை. கற்பிப்பவரும் விற்பவரும் ஒருவரே ஆதலின் இதில் வியப்பில்லை.

இனி இந்நூலின் பாட வரலாற்றைக் காண்போம். டி வகை வண்டி பத்தொன்பது ஆண்டுகள் ஒரே வண்டியாக இருந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கருத்து. பெயரளவில் அஃது உண்மை. உறுப்புகளை நோக்கினால், அது தன்னுள் பல மாற்றங்களைக் கொண்டது. முதலில் வந்த சில நூறு வண்டிகளில் மிதிகள் இரண்டே. பின்னோக்கிச் செலுத்துவதற்குத் தனி நெம்புகோல் இருந்தது. ஏறத்தாழ முதல் 2,500 வண்டிகளில் நீரைச் செலுத்தும் பம்பு இருந்தது; அதன்பின் வெந்நீர் தானே மேலெழுந்து குளிர்நீர் கீழிறங்கும் இயற்கையைக் கொண்டே குளிர்விக்கும் முறை வந்தது. முதலில் முன்விளக்குகள் அசிட்டிலீன் வாயுவால் எரிந்தன. 1915ஆம் ஆண்டு வண்டிகளில் அவை மின்விளக்குகளாயின. 1916 வரை பித்தளையாக ஒளிர்ந்த ரேடியேட்டர் 1917ஆம் ஆண்டு வண்டிகளில் கருநிறம் பெற்றது. மின்விசையால் இயந்திரத்தை இயக்கும் 'ஸ்டார்ட்டர்' 1919இல் வந்தது. அதுவும் மூடிய வண்டிகளுக்கே முதலில் உரியதாயிற்று. 1926ஆம் ஆண்டு வண்டிகளில், இருக்கைக்கு அடியில் இருந்த பெட்ரோல் தொட்டி, பெரும்பாலான வகைகளில் ஓட்டுநருக்கு முன்னே மேலிடத்திற்கு மாறியது.

இம்மாற்றங்களுக்கு ஏற்பக் கையேடும் மாறிற்று. ஆனால் புதிதாக எழுதப்படவில்லை. பழைய பாடத்தின்மேல் புதியது ஒட்டப்பட்டது. நூலின் பெயரையே காண்க. ஃபோர்டு கார்களையும் சரக்கு வண்டிகளையும் உடையோர்க்கும் ஓட்டுவோர்க்கும் உரிய கையேடு என்பது 1919ஆம் ஆண்டுப் பதிப்பின் பெயர். டி வகையைச் சார்ந்த சரக்கு வண்டி 1917இல்தான் வந்தது. எனவே இப்பெயர் தாங்கிய படி எதுவும் அதற்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. முகப்பு ஏடு கிழிந்து ஆண்டு தெரியாத படியாயினும், பெயர் எஞ்சியிருப்பின் காலத்தின் மேலெல்லையை இவ்வகச்சான்றால் துணியலாம்.

அப்பதிப்பினுள் சரக்கு வண்டியைப் பற்றிய இயலும், மூடிய வண்டிகளின் ஸ்டார்ட்டரையும் விளக்கையும் பற்றிய இயலும் நூலின் பிற்பகுதியில் தனித்து நிற்கின்றன. முறைப்படி நோக்கின், இயந்திரத்தை இயக்கும் வழி எதுவாயினும் அது தொடக்க இயலில் அமைய வேண்டியதே. அங்கோ கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் முறையே முதன்மை பெறுகின்றது. ஸ்டார்ட்டரைப் பற்றிய இயல் பிற்சேர்க்கை என்பதற்கு அதன் இருப்பிடமே சான்றாகின்றது. பழைய நூலின் மேல் புதிய அடுக்கு எவ்வாறு அமர்கின்றது என்பதை மாணவர்க்குக் காட்ட இதனினும் எளிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்தவரை இல்லை. சங்க நூற் சூத்திரங்களில் இடைச்செருகலைப் பற்றி முடிவின்றி வாதிடுகின்றோம். ஈண்டு ஒட்டிய தையலே கண்ணுக்குத் தெரிகின்றது.

இந்நிலையில் 'டி வகை வண்டியின் கையேடு' என்று பொதுவாகச் சொல்வது பொருளற்றதாகும். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். மேலும் சுவடிகள் பெற்று 1907இல் திருத்திய பதிப்பை வெளியிட்டார். ஆண்டு குறியாமல் 'ஐயர் பதிப்பு' என்று மேற்கோள் காட்டும் மாணவனை நாம் திருத்துவோம் அல்லவா? அதே திருத்தம் ஈண்டும் வேண்டும். சிந்தாமணியில் பாடம் பிழைத்தால் பொருள் பிழைக்கும். இங்குப் பாடம் பிழைத்தால் கை முறியும்.

இது மிகையன்று. கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தை இயக்குமுன், தீப்பொறி நெம்புகோலை அதிகம் முற்படுத்தாமல் வைத்தல் வேண்டும். மிகவும் முற்படுத்தி வைத்தால் உந்து தண்டு மேலேறி முடியுமுன்னே வெடிப்பு நிகழ்ந்து, கைப்பிடி எதிர்த்திசையில் வன்மையாகச் சுழலும். பிடித்திருந்த கையின் எலும்பு முறிவது அக்காலத்தே பலரும் அறிந்த துன்பம். ஆகவேதான் கையேடு நெம்புகோல்களை எத்தனையாவது பல்லில் நிறுத்துவது என எண்ணிட்டே கூறுகின்றது. கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்தாமல் மேல்நோக்கித் தூக்கிச் சுழற்றுமாறு எச்சரிக்கின்றது. இவ்விடத்தில் ஓர் எண் மாறினாலும், மேல், கீழ் என்னும் சொற்களுள் ஒன்று மற்றொன்றாயினும் விளைவு யாதாகும் என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

எண்கள் மாறுதற்கு இடமுள்ள பகுதிகள் இன்னும் உள. வால்வின் தண்டிற்கும் அதனைத் தள்ளும் கோலுக்கும் இடையே 1/64 அங்குலத்திற்குக் குறையாமலும் 1/32 அங்குலத்திற்கு மிகாமலும் இடைவெளி இருத்தல் வேண்டும் என்பது நூலின் விதி. குறைந்தால் வால்வு முழுதும் மூடாமல் அழுத்தம் கசியும்; மிகுந்தால் பிந்தித் திறந்து முந்தி மூடும். சிறிய எழுத்தில் அமைந்த இப்பின்னங்கள், தேய்ந்த மூலப் படியைப் படமெடுத்து அச்சிடும்போது மைதிரண்டு மயங்குகின்றன. புதிதாக எழுத்துக் கோப்பவர் அவற்றைத் தம் ஊகத்தால் படிக்க நேரும். ஏட்டில் புள்ளியில்லா மெய்யைப் படித்த நம் முன்னோர் அடைந்த இடர்ப்பாட்டிற்கு இஃது உறவுடையது.

மறுபதிப்பின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். அமெரிக்காவின் 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்புரிமை முதலில் 28 ஆண்டுகளுக்கே வழங்கப்பட்டது. புதுப்பித்தால் மேலும் 28 ஆண்டுகள் கிடைத்தன. 1919ஆம் ஆண்டு நூலுக்கு முதல் தவணை 1947இல் முடிந்தது. ஏறத்தாழ அக்காலத்திலேயே பழைய வண்டிகளின்மேல் புதிய ஆர்வம் எழுந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மோட்டார் நூல்கள் வெளியிட்ட ஃபிளாயிட் கிளைமர் என்பார், 1944 முதல் பழைய வண்டிகளைப் பற்றிய படத்தொகுப்பு நூல்களையும், தொடர்ந்து பழைய கையேடுகளின் மறுபதிப்புகளையும் மலிவு விலையில் பரப்பினார். 1970இல் அவர் மறைந்தார். அவர் காட்டிய வழியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வேறு பதிப்பகங்கள் எழுந்தன. பிற்காலச் சட்டம் பழைய நூல்களின் உரிமையை வெளியீட்டு ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள்வரை நீட்டியது. ஆயினும் 1927இல் வெளிவந்தவற்றிற்கும் அவ்வெல்லை 2022ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டமையின், டி வகைக் கையேடுகள் யாவும் இன்று அமெரிக்காவில் பொதுவுடைமையாம். யாரும் அச்சிடலாம். நன்மையும் தீமையும் அவ்வுரிமையிலேயே அடங்கியுள்ளன.

மூலப் படியை மறுபதிப்பினின்று பிரித்தறிவது பழகிய கண்ணுக்குப் பெரிதும் அரிதன்று. ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட தாளில் எழுத்து சற்றே பதிந்திருக்கும். விரல் நுனியால் உணரலாம். ஆப்செட் முறையில் அச்சிட்டதில் அப்பதிவு இல்லை. மூலத்தில் புள்ளிகளால் ஆன படத்தை மீண்டும் புள்ளியிட்டுப் படமெடுக்கும்போது, புள்ளியும் புள்ளியும் மோதிப் பட்டுத்துணியின் அலைபோன்ற கோடுகள் தோன்றும்; நிழலில் இருந்த நுண்ணிய உறுப்புகள் கருமையில் மறையும். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து காகிதத்தில் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். 1919ஆம் ஆண்டுக் காகிதம் அவ்வாறு ஒளிராது. இவை வணிகருக்குப் பெரிதும் வேண்டுவன. நமக்கு ஓரளவே போதும்.

நமக்கு வேண்டுவது மறுபதிப்பாளர் பாடத்தை எவ்வாறு கையாண்டார் என்பதே. மூலப் படியை அட்டை முதல் அட்டை வரை அப்படியே படமெடுத்து, ஆண்டையும் பதிப்புக் குறியையும் விடாது அச்சிடுவோர் உளர். இவர் பணி எளியதாகத் தோன்றினும் பெரிது. எழுத்து மங்கியிருப்பினும் மங்கியதை மங்கியதாகவே காட்டுவதால் வாசகன் எச்சரிக்கை பெறுகின்றான். வேறு சிலர் அழகு கருதிப் பழைய அட்டையை நீக்கிப் புதிய அட்டையும் '1909 முதல் 1927 வரை' என்னும் பெயரும் சூட்டி, உள்ளே ஒரே ஓர் ஆண்டின் பாடத்தை வைக்கின்றனர். இவர்கள் நூலைத் திருத்தவில்லை; ஆயின் அதன் பிறந்தநாளை அழித்துவிட்டனர். 1912ஆம் ஆண்டு வண்டியை உடையவர் அசிட்டிலீன் விளக்கிற்கு வழி தேடுவார், கிடைக்காது. 1926ஆம் ஆண்டு வண்டியை உடையவர் பெட்ரோல் அளவு பார்க்க இருக்கையைத் தூக்குவார். அங்குத் தொட்டி இராது. பிழை பாடத்தில் இல்லை, தலைப்பில் உள்ளது. என் கருத்தில் இப்பிழை அச்சுப் பிழையினும் கொடிது. அச்சுப் பிழையை அறிவுடையார் ஐயுறுவர். அட்டையில் பொறித்த ஆண்டை ஐயுறுவோர் சிலரே.

புதிதாக எழுத்துக் கோத்து வெளியிடுவதும் இழிவன்று என்பதை ஈண்டே கூறிவிட வேண்டும். 1919ஆம் ஆண்டுக் கையேட்டைக் குட்டன்பர்க் திட்டத்தார் மின்னெழுத்தில் வெளியிட்டுள்ளனர். அது மூலத்தின் நிழற்படம் அன்று; எழுத்தெழுத்தாக மீண்டும் அமைக்கப்பட்டது. ஆயினும் எந்த ஆண்டின் பாடம் என்பதை அது மறைக்கவில்லை. எனவே நிழற்படம் நல்லது, மறுகோப்புத் தீயது என்று பொதுவிதி வகுத்தல் பொருந்தாது. தன் மூலத்தைக் கூறும் படியே சான்றாகும்.

பிற்கால வண்டிகளில் இச்சிக்கல் வேறோர் உருவம் கொள்கின்றது. இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட 'எம்.ஜி.பி.' என்னும் சிறு திறந்த வண்டியைக் காண்போம். அதனைச் செய்த நிறுவனம் தன் வெளியீடுகள் பலவற்றிற்கு 'ஏ.கே.டி.' என்னும் எழுத்துகளில் தொடங்கும் எண் கொடுத்தது. நம் சுவடி நூலகங்களின் எண் போன்றது அஃது. அதனைக் கொண்டு இன்ன வெளியீடு எனத் துணியலாம். அவ்வண்டியில் 1967ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை பாட்டரியின் நேர் முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. அதன்பின் எதிர் முனை இணைக்கப்பட்டது. பழைய டைனமோவிற்குப் பதிலாக ஆல்ட்டர்னேட்டர் வந்தது. முன்னைய கையேட்டைப் பார்த்துப் பின்னைய வண்டியில் பாட்டரியை இணைத்தால் ஆல்ட்டர்னேட்டரின் உட்பொறி நொடியில் கெடும். இரு கையேடுகளும் தம்மளவில் பிழையற்றவை. ஒன்றன் பாடத்தை மற்றொன்றன் வண்டிக்கு உரைப்பதே பிழை.

இவ்வண்டிக்கு அமெரிக்காவின் பென்ட்லி பதிப்பகத்தார் ஒரு தொகுப்பு வெளியிட்டனர். ஓட்டுநர் கையேடு, பணிமனை நூல், விரைவூட்டும் முறை கூறும் நூல் ஆகிய மூன்றனையும் ஒருங்கு சேர்த்து, 1962 முதல் 1974 வரையுள்ள வண்டிகளுக்கு உரியது எனத் தலைப்பிலேயே எல்லை வகுத்தனர். வெவ்வேறு நூல்களை ஒன்றாகக் கட்டுதல் தவறன்று, எட்டுத்தொகையும் தொகையே. எவற்றைத் தொகுத்தோம், எக்காலத்திற்குத் தொகுத்தோம் எனத் தொகுத்தவர் கூறினால் வாசகனுக்கு இடர் குறையும். மேலே கண்ட பெயர்மாற்றிய மறுபதிப்போடு இதனை ஒப்பிட்டால், நேர்மையான தொகுப்பிற்கும் பிறப்பை மறைத்த பதிப்பிற்கும் உள்ள வேற்றுமை விளங்கும்.

இதுவரை கூறியது வண்டிக்கு நேரும் கேடு. வரலாற்றிற்கு நேரும் கேடு இதனினும் நுட்பமானது. பழைய வண்டியைப் புதுக்குவோர், இல்லாத உறுப்பை எவ்வாறு அமைப்பது என்று கையேட்டின் படத்தைப் பார்த்தே துணிகின்றனர். கையில் உள்ளது பிந்திய ஆண்டின் மறுபதிப்பாயின், முந்திய வண்டி பிந்திய உறுப்பைப் பெறுகின்றது. 1913ஆம் ஆண்டு வண்டியில் மின்விளக்கு ஏறிவிடும். சில ஆண்டுகள் சென்றபின் அவ்வண்டி காட்சிக்கு வைக்கப்படும். அதனைப் படமெடுத்து எழுதுவோர், 1913லேயே மின்விளக்கு இருந்தது என்பதற்கு அதனையே சான்றாகக் காட்டுவர். நூல் பொருளைத் திரித்தது. திரிந்த பொருள் நூலுக்குச் சான்றாயிற்று. உரையாசிரியர் பாடத்தைத் திருத்த, பின்வந்தோர் அத்திருத்தத்தையே மூலபாடம் எனக் கொண்டு உரையின் சிறப்பைப் பாராட்டுவதை ஒக்கும் இது. இவ்வட்டத்தை உடைக்க வேண்டின் வண்டிக்கும் கையேட்டிற்கும் புறம்பான சான்று தேவை. புரூஸ் மெக்காலி 1994இல் வெளியிட்ட டி வகை வண்டி வரலாறு, தொழிற்சாலையின் பழைய குறிப்புகளைக் கொண்டு உறுப்பு மாற்றங்களைக் காலமுறையில் வகுத்தமையால் இத்துறையில் மதிக்கப்படுகின்றது. வண்டியின் மாற்றம் ஆண்டுத் தொடக்கத்தில் நேர்வதில்லை. கையில் உள்ள பழைய உறுப்புகள் தீரும்வரை பழையதும் புதியதும் கலந்தே வந்தன என்பதும் இத்தகைய ஆராய்ச்சியால் தெளிவாகின்றது. கையேடு ஆண்டைக் கூறும். வண்டி மாதத்தைக் கேட்கும்.

மறுபதிப்பில் மீளாத ஒன்றும் உண்டு. மூலப் படியின் ஓரங்களில் உடையவர்கள் எழுதிய குறிப்புகளே அவை. எண்ணெய் மாற்றிய நாள், வாங்கிய உறுப்பின் விலை, கையேட்டின் எண்ணை அடித்துத் தம் அனுபவத்தால் கண்ட எண் முதலியவை அத்தகையன. மறுபதிப்பாளர் படமெடுக்குமுன் இவற்றை அழுக்கெனக் கருதித் துடைத்துவிடுகின்றனர். டி வகை வண்டியைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி நூலில் அன்றி உடையவர்களின் வாய்மொழியில் வாழ்ந்தது. 1936இல் நியூயார்க்கர் இதழில் 'லீ ஸ்ட்ரவுட் ஒயிட்' என்னும் புனைபெயரில் வெளிவந்த, இ. பி. ஒயிட் அவர்கள் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, அவ்வண்டி மறைந்து ஒன்பது ஆண்டுகள் சென்றபின் அவ்வாய்மொழி உலகத்தையே நினைவுகூர்கின்றது. அதனுள் நம்பிக்கையும் கைம்மருத்துவமும் கலந்திருந்தன. கையேடு விதி; ஓரக்குறிப்பு வழக்கு. இலக்கணத்தில் இரண்டும் வேண்டும் எனக் கொள்ளும் நாம், இங்கு ஒன்றை மட்டும் போற்றி மற்றதைத் துடைத்தெறிவது எவ்வாறு தகும்? கறைபட்ட படிக்கு வணிகர் விலை குறைப்பர். ஆராய்வோர்க்கோ அப்படியே விலைமிக்கது.

நம் நாட்டிற்கும் இவ்வாராய்ச்சியில் ஓரிடம் உண்டு. பிரித்தானியப் பேரரசைச் சேர்ந்த நாடுகளுக்கு ஃபோர்டு வண்டிகளை அனுப்பும் பொறுப்பைப் பெரும்பாலும் கனடாவின் ஃபோர்டு நிறுவனம் ஏற்றிருந்தது. அந்நிறுவனத்தின் கிளையாகவே 1926இல் இந்திய ஃபோர்டு நிறுவனம் அமைந்தது. 1950களில் அது மூடப்பட்டது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரை அடுத்த டிராஃபோர்டு பார்க்கிலும் 1911 முதல் டி வகை வண்டிகள் ஒருங்கிணைக்கப்பட்டன. ஆகவே தமிழ்நாட்டில் பழைய வீடுகளிலோ நூல் விற்போரிடத்தோ இவ்வகைக் கையேடு ஒன்று கிடைக்குமாயின், அது டெட்ராய்ட் பதிப்பென்று உடனே கொள்ளல் ஆகாது. கனடா நிறுவனத்தின் பெயர் உள்ளதா, ஆங்கில நாட்டு நிறுவனத்தின் பெயர் உள்ளதா என முகப்பை நோக்கல் வேண்டும். இன்று கிடைக்கும் மறுபதிப்புகளுட் பெரும்பாலானவை அமெரிக்கப் பாடத்தையே தருவன. வலப்பக்கம் அமர்ந்து ஓட்டும்படி அமைந்த வண்டிக்கு அவற்றின் படங்கள் முற்றும் பொருந்தா.

நூலகங்களில் இத்தகைய நூல்களைப் பதிவு செய்வோர் 'கையேடு, மோட்டார் வண்டி, பழையது' என்ற அளவில் நிறுத்திவிடுகின்றனர். வெளியிட்ட நிறுவனத்தின் நாடு, முகப்பில் உள்ள ஆண்டு, வெளியீட்டு எண், கடைசி இயலின் தலைப்பு, அச்சுமுறை, ஓரக்குறிப்பு உண்டா என்பது ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். மறுபதிப்பாயின் எந்தப் படியிலிருந்து எடுக்கப்பட்டது என்று குறிக்க வேண்டும். பதிப்பாளர் கூறாதவிடத்துக் 'கூறப்படவில்லை' என்றேனும் எழுதுதல் வேண்டும். கடைசி இயலைக் குறிக்கச் சொல்வது ஏன் எனின், முன்னே கண்டவாறு புதிய பாடம் இந்நூல்களில் இறுதியிலேயே வந்து ஒட்டுகின்றது. முகப்பு இழந்த படியிலும் அவ்வியல் எஞ்சியிருக்கக் கூடும்.